பெயர்ப் பலகை இல்லாத ஊட்டி பைண்டிங் கடை: மூளை ஆய்வேட்டை நம்பிக் கொடுக்கலாமா?

ஊட்டி மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது கடை. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் சாய்த்து வைத்திருக்கும் அட்டைக் கட்டும், உள்ளேயிருந்து வரும் பசை வாசனையும்தான் அடையாளம். ‘பைண்டிங் அண்ணன் கடை’ என்று கேட்டால் கேரட் விற்கிறவர்கூட வழி சொல்லிவிடுவார். பள்ளி ரெக்கார்டு நோட்டு, ஆடிட்டர் ஆபீஸ் லெட்ஜர், கோயில் ரசீதுப் புத்தகம் என்றுதான் அன்றாட வேலை ஓடுகிறது. ஊரில் மருந்தியலும் விலங்கியலும் படிக்கிறவர்கள் இருப்பதால் ஆய்வேடுகளும் வரும். அவற்றில் எலி மூளை, வலிப்பு, பார்க்கின்சன், நினைவிழப்பு என்று தலைப்பிட்டவை அதிகம்.

இந்த மதிப்புரை அந்த மூளை ஆய்வேடுகளுக்கு மட்டும். தமிழிலக்கிய ஆய்வேட்டில் அச்சு கொஞ்சம் மங்கினால் படிக்கிறவருக்குக் கண் வலிக்கும், அவ்வளவுதான். நரம்பறிவியல் ஆய்வேட்டில் அச்சு மங்கினால் சான்றே காணாமல் போகும். நான்கைந்து வருஷம் மூளையைச் சீவி, சாயமேற்றி, இரவில் கன்ஃபோக்கல் என்கிற லேசர் நுண்ணோக்கிக்கு முறை வாங்கிப் படமெடுத்தவர்கள், கடைசி நான்கு நாளில் அந்தப் படங்கள் எந்தத் தாளில் எப்படி இறங்குகின்றன என்று நின்று பார்ப்பதில்லை. தேர்வாளருக்குப் பிடிஎஃப் அனுப்பும் வழக்கம் வந்துவிட்டாலும், வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று மேசைமேல் கிடப்பது தாள்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பைண்டிங் வேலை அருமை, மலையில் இதைவிடக் கெட்டியாகச் செய்கிறவர் கிடைப்பது கஷ்டம். கறுப்பு வெள்ளை அச்சு நன்று. வண்ண அச்சு நாம் கொடுக்கும் கோப்பைப் பொறுத்தது. கோப்பைத் திறந்து ‘கொஞ்சம் அலைன்மென்ட் பண்ணித் தர்றேன்’ என்கிற சேவை மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதிலிருந்து ஆரம்பிப்போம். கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், அதில் பழைய வேர்டு. நம் கோப்பில் இருக்கிற எழுத்துரு அதில் இல்லாவிட்டால், அதுவாகவே வேறொன்றைப் பிடித்துப் போட்டுக்கொள்ளும். சொற்கள் தப்பிவிடும், குறிகள்தான் மாட்டும். சிம்பல் எழுத்துருவில் அடித்த கிரேக்க எழுத்துகள் சாதாரண ஆங்கில எழுத்துகளாக மாறும். ‘மியூ’ குறி ‘எம்’ ஆகிவிட்டால் மைக்ரோமீட்டர் மில்லிமீட்டர் ஆகிறது: ஆயிரம் மடங்கு. ஏறக்குறைய 20 மைக்ரோமீட்டர் அகலமுள்ள பிரமிடு நரம்பணு நெல்லிக்காய் பருமனுக்கு வளர்ந்து நிற்கும். பீட்டா அமிலாய்டு புரதத்தின் பெயரில் பீட்டா போய் ‘பி’ வரும்.

இன்னும் மோசம் கழித்தல் குறி. மண்டையோட்டு எலும்புகள் சேரும் ப்ரெக்மா புள்ளியிலிருந்து பின்பக்கமாக −3.3 மில்லிமீட்டர் என்று எழுதியது குறி உதிர்ந்து 3.3 என்று அச்சானால், எலியின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸில் போட்ட ஊசி மூளையின் முன்பக்கப் புறணிக்குப் போய்விடுகிறது. இது அச்சுப்பிழை என்று தேர்வாளருக்குப் புரியலாம், புரியாமலும் போகலாம். அறுவை முறை எழுதிய அத்தியாயத்தில் ஒரு எண் தலைகீழாக இருந்தால் மற்ற எண்களையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

ஆகவே கொடுக்க வேண்டியது பிடிஎஃப். அதிலும் எழுத்துருக்கள் உள்ளேயே பதிந்திருக்க வேண்டும். பிடிஎஃப்பின் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘எம்பெடட்’ என்று இருக்கும். ஒன்றுக்கு இல்லாவிட்டாலும் வீட்டுக்குத் திரும்பிச் சரிசெய்துகொண்டு வரவும். அடுத்தது, வேர்டில் எழுதுகிறவர்கள் படங்களைச் செருகுவதற்கு முன்பே, ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் ‘படங்களைச் சுருக்காதே’ என்பதை டிக் செய்ய வேண்டும். சும்மா விட்டால் வேர்டு சேமிக்கும்போது படங்களை அங்குலத்துக்கு 220 புள்ளிக்குக் குறைத்துவிடும். குறைத்ததைப் பிறகு ஏற்ற வழியில்லை. புகைப்படத்துக்கு 300 புள்ளி தேவை, கோட்டுப் படத்துக்கு 600க்கு மேல்.

அச்சுக்குக் கொடுக்கும்போது கவுண்டரில் நின்று பார்க்க வேண்டிய ஒரே ஒரு பொத்தான், அளவு. கடையில் எப்போதும் ‘ஃபிட்’ என்பதில்தான் கிடக்கும். அது பக்கத்தைச் சில சதவீதம் சுருக்கி நடுவில் வைக்கும். இடப்பக்கம் பைண்டிங்குக்காக விட்ட 38 மில்லிமீட்டர் ஓரம் கணக்கு தப்பும். படத்துக்குக் கீழே ‘400 மடங்கு உருப்பெருக்கம்’ என்று எழுதியிருந்தால் அதுவும் பொய்யாகும். (அந்த வாசகமே வேண்டாத வேலை. திரையில் ஒரு அளவு, தாளில் ஒரு அளவு. படத்துக்குள் அளவுகோல் கோடு போட்டுவிட்டால் படம் சுருங்கினால் கோடும் கூடவே சுருங்கும், கணக்கு தப்பாது.) ‘ஆக்சுவல் சைஸ், நூறு சதவீதம் அண்ணா’ என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருகிறார்.

வண்ணம்

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாந்து கடையைத் திட்டுகிறார்கள். கடை வண்ண லேசர் மெஷின் சுமாரான வகை, ஆனால் குற்றம் பாதி நம்முடையது.

உட்கரு காட்டும் டாப்பி சாயம் திரையில் பளிச்சென்ற நீலம். திரை ஒளியை உமிழ்கிறது. டோனரோ தாளில் விழும் வெளிச்சத்தை விழுங்குகிறது. திரையின் சுத்த நீலத்தைச் சியானும் மெஜந்தாவும் கலந்து கொண்டுவரவே முடியாது. கறுப்புப் பின்னணியில் அது கத்தரிப்பூ நிறத்தில் அமுங்கிப் போகும். ஹிப்போகாம்பஸின் டென்டேட் ஜைரஸ் பகுதியில் நெருக்கமாக அடுக்கிய செல்கள் ஒரே இருட்டுப் பட்டையாகத் தெரியும். கோவைக்குப் போய்ப் பெரிய மெஷினில் அடித்தாலும் கொஞ்சம் தேறுமே தவிர நீலம் திரும்பி வராது. வழி இதுதான்: ஒவ்வொரு சாயத்துக்கும் தனித்தனியாக எடுத்த சானல்களை வண்ணமில்லாமல் கறுப்பு வெள்ளையில் கொடுத்து, இணைத்த படம் ஒன்றை மட்டும் வண்ணத்தில் கொடுப்பது. இணைப்பிலும் சிவப்பு பச்சைக்குப் பதில் மெஜந்தா பச்சை. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் வெள்ளையாகத் தெரியும், தாளில் அது மஞ்சளைவிடத் தெளிவு. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத கண் உள்ள தேர்வாளருக்கும் வசதி.

கண்ணாடித் தகட்டுச் சாயங்களில் சிக்கல் வேறு. நரம்பணு உடலைக் காட்டும் நிசில் சாயத்துக்குக் கிரெசில் வயலட் போட்ட துண்டுகளை வெள்ளைச் சமன் (ஒயிட் பேலன்ஸ்) பார்க்காமல் படமெடுத்திருந்தால் பின்னணி லேசான மஞ்சளோ சாம்பலோ இருக்கும். திரையில் தெரியாது, தாளில் அழுக்குப் பிடித்த மாதிரித் தெரியும். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இலிருந்து வெறிநாய்க்கடியோடு மல்லுக்கட்டும் மலை இது, அதனால் அந்தப் பக்கத்து உதாரணமே சொல்லலாம். ரேபிஸ் கண்ட மூளையில் வைரஸ் உண்டாக்கும் நெக்ரி உடல்களைச் செல்லர்ஸ் சாயத்தில் பார்த்தால் நீல நரம்பணுவுக்குள் மெஜந்தா பொட்டாக நிற்கும். இந்தக் கடை மெஷினில் மெஜந்தா நன்றாகவே இறங்குகிறது. நீலம் கறுத்துப் போவதால் பொட்டுக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். ஏற்றியதை எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவில் ஏற்ற வேண்டும், முழுப் படத்துக்கும் ஏற்ற வேண்டும், முறை அத்தியாயத்தில் ஒரு வரி எழுத வேண்டும். கன்ட்ரோலுக்கு ஒரு அளவு, மருந்து கொடுத்ததற்கு ஒரு அளவு என்றால் அது அச்சு வேலை இல்லை, மோசடி.

கோல்ஜி சாயப் படங்களில் நரம்பணுக் கிளைகளின் (டென்ட்ரைட்) முட்களை எண்ணிக் காட்டுகிறவர்கள், முழு நரம்பணுப் படத்தோடு நிறுத்தக் கூடாது. அந்த முட்கள் ஒரு மைக்ரோமீட்டர் சங்கதி. அரைப் பக்கப் படத்தில் டோனர் புள்ளிக்குள்ளேயே முழுகிவிடும். ஒரு கிளையைப் பெரிதாக்கிப் பக்கத்தில் பெட்டி போட்டுக் காட்ட வேண்டும்.

புரத அளவைக் கறுப்புப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் விஷயத்தில் கடையின் ஒரு பழக்கத்தைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். ஐந்து பிரதி கேட்டால், கறுப்பு வெள்ளைப் பக்கங்களை ஒரு பிரதி மட்டும் கோப்பிலிருந்து அடித்துவிட்டு, மீதி நான்கையும் ஜெராக்ஸ் மெஷினில் போட்டு எடுத்துவிடுகிறார்கள். செலவு மிச்சம், வேகம் அதிகம். எழுத்துக்கு அது போதும். பிளாட்டுக்கு ஆகாது. ஜெராக்ஸ் மெஷின் தானாகவே பின்னணியை வெளுத்து, அடர்ந்ததை இன்னும் அடர்த்தியாக்கும். மங்கலான பட்டை மறைந்துபோகும், நடுத்தரப் பட்டை கெட்டிக் கறுப்பாகும். முதல் பிரதியில் பாதியாகக் குறைந்ததாகத் தெரியும் புரதம், நான்காம் பிரதியில் அறவே இல்லாததாகத் தெரியும். கீழே ஒப்பீட்டுக்கு வைத்த ஆக்டின் பட்டைகள் எல்லாம் ஒரே சதுரமாக அப்பிக் கிடக்கும். இரண்டு தேர்வாளர்கள் இரண்டு விதமான முடிவைப் பார்க்கிறார்கள். ‘அஞ்சு செட்டும் பைல்ல இருந்தே அடிங்கண்ணா, ஜெராக்ஸ் வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லி, பில்லிலும் எழுதி வாங்கவும். டோனர் சேவ் ஆஃப் செய்திருக்கிறதா என்றும் கேட்கவும். கேட்டால் முகம் சுளிப்பதில்லை. கேட்காவிட்டால் அவர்களாக யோசிப்பதும் இல்லை.

மூளையின் மின்னலைகளைக் காட்டும் ஈஈஜியும், நரம்பணுத் துடிப்புகளைச் சிறு கோடுகளாக அடுக்கும் ஸ்பைக் ராஸ்டர்களும் கோட்டின் தடிமனில் நிற்கின்றன. மென்பொருளில் ‘ஹேர்லைன்’ என்று விட்ட கோடு இந்த மெஷினில் விட்டு விட்டு வருகிறது. அரை பாயின்ட்டுக்குக் குறையாமல் வைக்க வேண்டும். 16 சானலை ஒரே பக்கத்தில் அடுக்கினால் ஒவ்வொன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத இடைவெளி வேண்டும். படத்தைத் திரையிலிருந்து வெட்டி ஒட்டாமல் வெக்டராக (புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக) ஏற்றுமதி செய்திருந்தால் வலிப்பு ஸ்பைக்கின் கூர்முனை கூராகவே வரும். வெட்டி ஒட்டியது படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரியும். அளவை நிறத்தால் காட்டும் வானவில் நிற வெப்பப் படங்களைக் (ஹீட் மேப்) கறுப்பு வெள்ளையில் அடித்தால் உச்சச் சிவப்பும் அடிமட்ட நீலமும் ஒரே சாம்பல் ஆகிவிடுகின்றன. விரிடிஸ் மாதிரி இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஒரே சீராக ஏறும் நிறவரிசை அந்த ஆபத்தில்லாதது.

இத்தனையையும் சோதிக்க ஒரே ஒரு பக்கம் போதும். ஒரு கன்ஃபோக்கல் இணைப்பு, ஒரு பிளாட், ஒரு ஈஈஜி, ஒரு வெப்பப் படம், கீழே மியூ, பீட்டா, கழித்தல் குறி உள்ள ஒரு வரி. எல்லாவற்றையும் ஒரு ஏ4 தாளில் போட்டு முதல் நாளே அடித்து வாங்கி, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கவும். கடைக்குள் இருக்கும் எல்ஈடி பல்பு நீலத்தைத் தூக்கிக் காட்டி ஏமாற்றும். ஊட்டி மூடுபனியில் பகல் வெளிச்சம் என்று ஒன்று கிடைத்தால், அது பதினோரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள்.

தாள் ஈரமாகும் ஊர்

2,200 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், இரண்டு பருவமழையும் வாங்கும் ஊர். பிரித்து வைத்த ரீம் ஒரு வாரத்தில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரத் தாளில் டோனர் சரியாக உருகிப் பிடிக்காது. மெஷினின் சூடு பாதி ஈரத்தை ஆவியாக்குவதிலேயே போய்விடுகிறது. அச்சான பக்கத்தை மடித்து மடிப்பில் நகத்தால் ஒரு கீறு கீறினால் தெரியும்: கறுப்பு பொடியாக உதிர்ந்தால் அந்த ரீம் ஆகாது. கன்ஃபோக்கல் படங்களில் கறுப்புப் பின்னணி பெரிது என்பதால் முதலில் உதிர்வது அவைதான். பக்கம் சுருண்டு மெஷினில் சிக்குவதும் இதனால்தான்.

கடைக்காரர் இதில் நேர்மை. நம் கண் முன்னாலேயே புது ரீம் பிரிக்கச் சொன்னால் பிரிக்கிறார், நாமே தாள் வாங்கிக் கொடுத்தாலும் அடித்துத் தருகிறார். எழுத்துப் பக்கத்துக்கு 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் போதும். வண்ணப் பக்கத்துக்கு 100 ஜிஎஸ்எம், ஒரு பக்கம் மட்டும். இன்க்ஜெட்டுக்கான பளபளப்பு போட்டோ தாளைக் கொண்டுபோய் லேசரில் போடச் சொல்லாதீர்கள். அதன் பூச்சு உருகி உருளையில் ஒட்டும், அன்றைக்குக் கடை மூடல்.

இனி பைண்டிங். இதற்காகத்தான் இந்தக் கடைக்குப் போக வேண்டும்.

ஆய்வேடு என்பது தனித்தனித் தாள்களின் கட்டு. பாரம் பாரமாக மடித்துத் தைக்கும் புத்தகம் இல்லை. வெறும் பசையில் முதுகை ஒட்டி அட்டை போட்டுத் தரும் கடைகளில், நூலகத்தில் நாலு தடவை விரித்தால் நடுப்பக்கம் கையோடு வரும். இங்கே அப்படிச் செய்வதில்லை. தாள்கட்டை மேசைமேல் நான்கு பக்கமும் தட்டிச் சமன் செய்கிறார். கட்டைவிரலால் ஓரத்தைச் சரசரவென்று ஓட்டிப் பார்க்கிறார். மடிந்த தாள், தலைகீழாகப் போன தாள், இரண்டு சேர்ந்து ஒட்டிய தாள் எல்லாம் அந்தச் சத்தத்திலேயே பிடிபட்டுவிடுகிறது. பிறகு முதுகிலிருந்து எட்டு மில்லிமீட்டர் உள்ளே ஐந்து துளை. மெழுகு தடவிய நூலில் பக்கத் தையல். அதன்மேல் முதுகுக்குப் பசை, சல்லாத் துணி, இரண்டு பக்கமும் எண்ட் பேப்பர். தைத்த கட்டை வெட்டும் மெஷினில் மூன்று பக்கமும் ஓரம் தட்டுகிறார். இதில் மூன்று மில்லிமீட்டர் வரை போகும், பக்க எண்ணைத் தாளின் விளிம்பில் போட்டவர்களுக்கு எண் போய்விடும்.

அட்டை வெட்டும்போது அவர் செய்யும் ஒரு காரியத்தைப் பார்க்க வேண்டும். அட்டையை இரண்டு கையிலும் பிடித்து நீளவாக்கில் ஒரு வளை, அகலவாக்கில் ஒரு வளை. எந்த வளைவு சுலபமாக வருகிறதோ, அந்த மடிப்புக் கோட்டின் போக்கில்தான் அட்டையின் நார் ஓடுகிறது. அந்த நார் முதுகுக்கு இணையாக ஓடும்படி திருப்பி வைத்துத்தான் வெட்டுவார். நார் குறுக்கே போனால் ஈரம் ஏறியதும் அட்டை அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். கீழே சமவெளியில் இதைக் கவனிக்காமல் விட்டாலும் சமாளிக்கலாம். இங்கே ஜூலையில் ஒரு வாரத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

பசையிலும் அவருக்குத் தனிக் கணக்கு உண்டு. முதுகுக்கு வெள்ளைப் பசை, அட்டைக்கு ரெக்ஸின் ஒட்ட மயில்துத்தம் கலந்து காய்ச்சிய மைதாப் பசை. துத்தம் பூச்சிக்கும் பூஞ்சைக்கும். டிசம்பர் ஜனவரியில் ராத்திரி உறைபனி விழும்போது வெள்ளைப் பசையைச் சாயங்காலம் தடவமாட்டார். அந்தக் குளிரில் காய்ந்தால் அது ஒளி ஊடுருவும் படலமாக இறுகாமல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, விரித்தால் பொடியும். ‘காலைல வெயில் வந்ததும் போடறேன் தம்பி, ஒரு நாள் தள்ளிப் போகும்’ என்பார். தள்ளிப் போகட்டும். அவசரப்படுத்தி வாங்கிப் போன பிரதிகள்தான் முதுகு பிளந்து திரும்பி வருகின்றன. கடைசியில் திருகுப் பிரஸ்ஸில் ஒரு ராத்திரி முழுக்க அழுத்தி வைக்கிறார். மழைக்காலத்தில் இரண்டு ராத்திரி.

தங்க எழுத்து இந்தக் கடையின் பெருமையும் பலவீனமும். இன்னமும் உலோக அச்செழுத்து கோத்து, சூடேற்றி, தங்கத் தாள் வைத்து அழுத்துகிறார். எழுத்து ரெக்ஸினுக்குள் பள்ளமாக இறங்கும். கோவையில் கிடைக்கும் ஸ்க்ரீன் அச்சு மாதிரி நகத்தால் சுரண்டினால் வராது. ஆனால் அவரிடம் இருப்பது ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும், கிரேக்க எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. ஆல்ஃபா சைனூக்ளீன் என்று தலைப்பு வைத்தவர்கள் ஆல்ஃபா என்பதைச் சொல்லாக எழுதித்தான் தர வேண்டும். எம்டோர், எம்ஆர்என்ஏ மாதிரி முதல் எழுத்து சிறியதாக இருக்க வேண்டிய பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்தில் போய்விடும். பல்கலைக்கழக விதி தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில் கேட்டால் பிரச்சினை இல்லை. கேட்காவிட்டால் நெறியாளரிடம் முன்கூட்டிப் பேசிவிடுவது நல்லது.

கோத்த எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல் தலைகீழாக இருக்கும். ஹிப்போகாம்பஸில் ஒரு ‘பி’ குறைந்தால் கோத்த நிலையில் யாருக்கும் கண்ணில் படாது. முதலில் ஒரு துண்டு ரெக்ஸினில் அழுத்திக் காட்டச் சொல்லவும். காட்டுவார். அதை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும்.

முதுகில் எழுத்து வேண்டும் என்றால் தடிமன் பார்க்கவும். 220 தாள் 80 ஜிஎஸ்எம்மில் சுமார் 22 மில்லிமீட்டர் வரும், தாராளம். இரு பக்கமும் அச்சடித்து 110 தாளாக்கினால் 11 மில்லிமீட்டர்தான், எழுத்து ஓரத்துக்கு வழுக்கும் அளவு.

கட்டு கலையும் இடம் ஒன்று உண்டு. முதல் பக்கங்களான சான்றிதழ், உறுதிமொழி, ஒப்புமைச் சோதனை அறிக்கை ஆகியவற்றிலும், கடைசியில் வரும் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் கடிதத்திலும் பக்க எண் இருக்காது. ஐந்து செட் அடுக்கும்போது கடைப் பையன் மாற்றி வைத்துவிடுகிறான். பென்சிலால் மூலையில் வரிசை எண் போட்டுக் கொடுத்தால் தப்பாது. ஒப்புதல் கடிதத்தை வண்ணத்தில் ஸ்கேன் செய்து கொடுக்கவும். கறுப்பு வெள்ளையில் ஊதா முத்திரை எழுத்தின்மேல் அப்பி, குழுவின் அனுமதி எண்ணை மறைத்துவிடும். தேர்வாளர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

ஐந்து பிரதியையும் முதல் தடவையே கெட்டி அட்டையில் போடாதீர்கள். யுஜிசியின் 2022 விதிப்படி நெறியாளரோடு குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் ஆய்வேட்டை மதிப்பிடுகிறார்கள். திருத்தம் வராமல் இருப்பது அபூர்வம். தேர்வாளருக்குப் போகும் பிரதி சாஃப்ட் பைண்டிங் போதும் என்றால் அதையே செய்துவிட்டு, வைவா முடிந்து திருத்திய பிறகு நூலகத்துக்கும் நெறியாளருக்கும் நமக்குமாகக் கெட்டி அட்டை போட்டால் காசு மிச்சம். சில இடங்களில் சமர்ப்பிக்கும்போதே கெட்டி அட்டை கேட்கிறார்கள். விதிமுறையைப் படித்துவிட்டுப் போகவும், கடைக்காரரைக் கேட்டால் ‘போன தடவை வந்தவங்க இப்படித்தான் போட்டாங்க’ என்பதுதான் பதில்.

கறுப்பு வெள்ளை பக்கத்துக்கு 2 ரூபாய், 100 ஜிஎஸ்எம்மில் வண்ணம் 15, ரெக்ஸினும் தங்க எழுத்தும் சேர்த்துக் கெட்டி பைண்டிங் 400, சாஃப்ட் 120. வண்ணம் 40 பக்கம் உள்ள 220 பக்க ஆய்வேடு கெட்டி அட்டையில் ஒரு பிரதி 1,360 ரூபாய், ஐந்துக்கு 6,800. பில் கையால் எழுதியது, ஜிஎஸ்டி எண் இருக்காது. கன்டிஞ்சென்சியில் (ஆய்வுக்கான சில்லறைச் செலவு நிதி) கணக்குக் காட்டப் போகிறவர்கள் அதை அலுவலகம் ஏற்குமா என்று கேட்டுக்கொள்ளவும். கோடையில் நான்கு நாள், மழையில் ஆறு நாள் எடுக்கிறார். ‘நாளைக்கே வேணும்’ என்றால் முடியாது என்று சொல்லிவிடுகிறார். அது நல்ல குணம்தான், பிஎச்டிக்கான ஆறு வருஷக் கெடுவின் கடைசி வாரத்தில் போய் நிற்கிறவர்களுக்கு மட்டும் அப்படித் தோன்றாது.

எடுத்துப் போவதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் பிரவுன் தாளில் சுற்றிச் சணல் கட்டித் தருவார். மழையில் மார்க்கெட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு போவதற்குள் அது ஊறிவிடும். தார்ப்பாய் பையோ டிரங்குப் பெட்டியோ கொண்டுபோகவும். மைசூர்ப் பக்கம் சமர்ப்பிக்கிறவர்கள் முதுமலை பந்திப்பூர் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை வண்டிகளுக்கு மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு மதியத்துக்குள் வாங்கிக் கிளம்ப வேண்டும். கோவைப் பக்கம் போகிறவர்களுக்கு அக்டோபர் நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழி இருக்கிறது, கொஞ்சம் சுற்று.

முதுகில் போடும் ஆண்டு எண்ணை மட்டும் கடைசிக்கு வைக்கச் சொல்லுங்கள். டிசம்பரில் தருவதாக இருந்தது ஜனவரிக்குத் தள்ளிப் போனால் தலைப்புப் பக்கத்தை மாற்றி அடித்துவிடலாம். ரெக்ஸினுக்குள் பள்ளமாக இறங்கிய எண்ணை அழிக்க அவரிடம் வழியில்லை, அட்டையையே உரித்து மறுபடி போட வேண்டும். எழுத்தெல்லாம் அழுத்தி முடித்து, நான்கு இலக்கத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்துக்கொள்வார். சமர்ப்பிக்கும் தேதி உறுதியானதும் போய் நின்றால் ஐந்து முதுகுக்கும் சேர்த்து அரை மணி நேர வேலை, அதற்குத் தனியாகக் காசு கேட்பதில்லை.